அக்கா படிக்காத கமெண்ட்

சட்டையின் மூன்றாவது பொத்தானை அவள் மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. கை அப்படியே நின்றுவிட்டது. தம்பியின் நெஞ்சில் இன்னும் கொஞ்சம் சூடு இருப்பது போலிருந்தது. காலை ஆறரைக்கு மூச்சு நின்றவன். இப்போது மணி ஒன்பதே கால். தன் கையின் சூடுதான் தனக்கே திரும்பி வருகிறது என்று முப்பத்தெட்டு வருடம் மருந்துக்கடையில் நின்றவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் கையை எடுக்க மனம் வரவில்லை.

மறுபடி ‘டிங்’. அடுத்த நொடியே இன்னொன்று. பிறகு விடாமல் அடிக்க ஆரம்பித்தது.

“நான்தான் அத்தை,” என்றபடி மருமகன் வாசலில் வந்து நின்றான். தம்பியின் ஒரே பிள்ளை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. “அப்பா போயிட்டார்னு சைட்ல ரெண்டு வரி எழுதினேன். அவர் ஐடிலேர்ந்தே. எப்படிக் கொட்டுது பாருங்க. அஞ்சு நிமிஷத்துல நூறு பேர்.”

“நல்லது பண்ணினே,” என்றாள். பொத்தானைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “மஞ்சள் மஃப்ளர் ஏதாவது எழுதியிருக்கானா?”

“யாரு?”

“ஒண்ணுமில்ல.”

நாலாவது பொத்தான் துளைக்குள் நுழைய மறுத்தது. துக்கத்தால் என்றுதான் மருமகன் நினைத்திருப்பான். துக்கம் இல்லாமலில்லை. ஆனால் அதற்கு முன்னால் பயம் வந்து உட்கார்ந்துகொண்டு, துக்கத்துக்கு இடமே கொடுக்கவில்லை. ஒரு சாவு இந்த அறையில் முடிந்துவிட்டது. இன்னொரு சாவு எங்கேயோ, அவள் முகம்கூடப் பார்க்காத ஓர் ஊரில், உடுத்திக்கொண்டு கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் மாடிக் கட்டடங்களில் ஜனங்களை ஏற்றி இறக்கியவன், ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் விமானம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர் ஒன்று உண்டு. அதை விளையாட்டு என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அதில் சேர்த்துக்கொள்ள ஆளாளுக்கு விதவிதமான விமானங்களைச் செய்து போடுவார்கள். தம்பியும் ஒன்று செய்தான். துணி இறக்கை, ஒற்றை எஞ்சின், மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும் பழைய காலத்து ரகம். உலகத்திலேயே இரண்டோ மூன்றோதான் மிச்சம். கிடைத்த ஏழெட்டுப் போட்டோக்களை வைத்துக்கொண்டு ஆறு வருடம் ஆணி ஆணியாக உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போன வருடம் சைட்டில் போட்டான். தெருவில் அவனைக் ‘கேப்டன்’ என்று கிண்டல் செய்தார்கள். சைட்டில் அவன் பெயர் ‘லிஃப்ட்காரன்’.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதயம் தளர்ந்து படுக்கையில் விழுந்தான். சர்க்கரையில் கண்ணும் மங்கிவிட்டது. அதிலிருந்து, ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதுகிற கமெண்டுகளைப் படித்துக் காட்டுவது அக்காவின் வேலையாயிற்று. காலை டீயோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பாள். எந்தெந்த நாட்டுக்காரர்களோ எழுதுவதை அந்த சைட்டே தமிழாக்கிக் கொடுக்கும். ‘உங்கள் பறவை என் முழங்காலைக் கரைத்தது’ என்று ஒருவர் எழுதியதற்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வாயில் நுழையாத அவர்கள் பெயர்களுக்குப் பதிலாக இவர்களே பெயர் வைத்தார்கள். தொப்பி போட்டவன் தொப்பிக்காரன். அடுத்த விமானம் எப்போது என்று வாராவாரம் கேட்பவன் ‘எப்ப வரும்’. எதற்கெடுத்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும் ஒரு கிழ மெக்கானிக்குக்கு ஸ்பேனர். கழுத்தில் மஞ்சள் துணி சுற்றிய படம் வைத்திருந்தவன் மஞ்சள் மஃப்ளர்.

“திட்டறதை முதல்ல படி அக்கா,” என்பான் தம்பி. “பாராட்டு எங்க ஓடிப் போயிடப் போகுது? திட்டறவன்தான் ஒழுங்கா ஓட்டிப் பாத்திருப்பான்.”

அப்படித்தான் ஒரு நாள் ஸ்பேனர் எழுதியதைப் படித்தாள். வால் சக்கரத்தின் ஸ்பிரிங் தப்பு என்று எழுதியிருந்தார். அவள் கடைக்குப் போன பிறகு தம்பி எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாலு மணி நேரம் அந்த ஸ்பிரிங்கைத் திருத்தியிருக்கிறான். அவள் திரும்பி வந்தபோது நாற்காலிக்குக் கீழே கிடந்தான். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. மனதுக்கு எந்த அலட்டலும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அக்கா விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். திட்டு வந்தால் கண் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். குரல் கொஞ்சமும் மாறாது. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளியை விட்டால் ஆளையே விட்டுவிடுவோம் என்று கடைப் பெண்களுக்குப் பாடம் எடுத்தவள், சொந்தத் தம்பியிடம் வரி வரியாக விழுங்கினாள். அவனும் நிம்மதியாகக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். “என்னக்கா, எல்லாரும் திடீர்னு நல்லவங்களாயிட்டாங்க?” என்று ஒரு நாள் கேட்டான். “உன் கை சுத்தம் அப்படி,” என்றாள்.

பத்து நாளைக்கு முன்னால் ஸ்பேனர் மறுபடி எழுதியிருந்தார். ‘ஐயா, உங்கள் பெட்ரோல் வால்வு தலைகீழ். கைப்பிடியின் நீண்ட பக்கம் பிடித்துத் திருப்புவதற்கு மட்டும். எதிர்ப்பக்கத்துக் குட்டை முனைதான் திற, மூடு என்பதைக் காட்டும். நீங்கள் நீண்ட பக்கத்தைக் காட்டும் முனையாக வைத்துவிட்டீர்கள். கம்ப்யூட்டரில் பரவாயில்லை. நிஜத்தில் இதை நம்புகிறவன் வால்வைத் திறந்ததாக நினைத்து மூடுவான். குழாயில் மிச்சமுள்ள பெட்ரோலுக்கு எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடும். மேலே போனதும் நின்றுவிடும். தயவுசெய்து பதில் போடுங்கள்.’

யானைக்கும் அடி சறுக்கும். அது எப்படிச் சறுக்கியது என்று அவளுக்கு உடனே புரிந்தது. லிஃப்ட் மோட்டார் அறையில் இருக்கும் கைப்பிடிகளில் நீண்ட முனைதான் காட்டும் முனை. தம்பி முப்பது வருடம் அதைத்தான் பிடித்தான். மங்கலான போட்டோவில் பார்த்ததும் கை பழக்கத்துக்குப் போயிருக்கிறது. இதைப் படித்தால் எழுந்து உட்காருவான், இந்தத் தடவை கம்ப்யூட்டர் வரைக்கும்கூடப் போய்ச் சேரமாட்டான் என்று பயந்தாள். நிஜ விமானத்தை யார் ஓட்டப் போகிறார்கள்? தாண்டிப் போனாள்.

நாலே நாளில் மஞ்சள் மஃப்ளர் எழுதினான். ‘ஐயா, முப்பது வருடம் ஷெட்டில் தூங்கிய நிஜ விமானத்தை எங்கள் கிளப்பில் எழுப்பிவிட்டோம். நான்தான் ஓட்டப்போகிறேன். இதை ஓட்டியவர்கள் யாரும் உயிரோடில்லை. புத்தகமும் இல்லை. உங்கள் விமானம்தான் என் புத்தகம். அதில் இருநூறு தடவை பறந்துவிட்டேன். ஞாயிறு காலை ஒன்பது மணி. வாழ்த்துங்கள்.’

அதை மட்டும் ஏழு தடவை படிக்கச் சொன்னான் தம்பி. அழுதான். விமானத்தையே தொடாத தன் கை ஒருவனை வானத்துக்கு ஏற்றுகிறது என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவள் டீ டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை அவனே கேட்டான். “அக்கா, அந்த வால்வு பத்தி யாராச்சும் ஏதாச்சும் எழுதினாங்களா? படுத்து யோசிச்சா ஒரு சின்ன சந்தேகம். ஒரே ஒரு போட்டோ வெச்சுதான் செஞ்சேன்.”

“ஒண்ணும் எழுதல.”

“ஸ்பேனர்கூடவா?”

“ஸ்பேனர்கூட.”

“அப்ப சரியாத்தான் இருக்கும். தப்பு இருந்தா அந்தக் கிழவன் விடமாட்டான்.”

நிம்மதியாகத் திரும்பிப் படுத்தான். சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மருமகன் வருகிறான், அவனிடம் சொல்லித் தம்பிக்குத் தெரியாமல் எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். மருமகன் வந்த அன்றே நெஞ்சுவலியும் வந்தது. வெள்ளியும் சனியும் டாக்டர், ஊசி, ஆக்சிஜன் என்று போயிற்று. தம்பியின் மூச்சைத் தவிர வேறெதையும் அவள் காது கேட்கவில்லை. இன்று ஞாயிறு.

காலர் பொத்தானை எப்படியோ போட்டு முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். மருமகன் வண்டிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடிக்கும்வரை நின்றாள்.

“மஃப்ளர்... அந்த நிஜ விமானம் ஓட்டப்போறவன் எழுதியிருந்தானே, அவன் ஊர்ல ஒன்பது மணின்னா நமக்கு எத்தனை மணி?”

“இப்ப எதுக்கு அத்தை அதெல்லாம்?”

“சொல்லுடா.”

மஃப்ளரின் படத்துக்குக் கீழே போட்டிருந்த நாட்டின் பெயரைச் சொன்னாள். அவன் போனில் தட்டிப் பார்த்தான். “பதினொண்ணு.”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தைந்து. “அவன் இன்னைக்கு ஓட்டக்கூடாது. அப்பா செஞ்சதுல வால்வு தப்பு. திறக்கறதா நெனச்சு மூடிடுவான். உடனே எழுது.”

மருமகன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, தோளில் கை வைத்து உட்கார வைத்தான். “அத்தை, நிஜமா பைலட்டா இருக்கறவன் கம்ப்யூட்டர்ல பாத்துட்டா ஓட்டுவான்? அவங்களுக்குன்னு மெக்கானிக் இருப்பாங்க. எல்லாம் செக் பண்ணியிருப்பாங்க.”

“இதுதான் புத்தகம்னு எழுதியிருந்தான்.”

“நூத்துக்கணக்கான பேர் அப்பாவைக் கும்பிடாத குறையா எழுதிட்டிருக்காங்க. இந்த நேரத்துல அவர் தப்பு பண்ணிட்டார்னு அவர் ஐடிலேர்ந்தே எழுதணுமா? இன்னைக்கு ஒரு நாளாவது அவர் பெரிய ஆளா இருக்கட்டுமே அத்தை. நாளைக்குப் பாத்துக்கலாம்.” அவன் குரல் உடைந்தது. கீழ்வீட்டு நர்ஸ் படியேறி வரும் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனான்.

நாளைக்கு. அந்தச் சொல்லை அவள் இந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் கமெண்டுகள் மேலேமேலே ஏறிக்கொண்டிருந்தன. ‘வானம் ஒரு மெக்கானிக்கை வேலைக்கு எடுத்துக்கொண்டது.’ ‘இந்த எஞ்சின் இருமும்போதெல்லாம் உங்களை நினைப்பேன்.’ ‘எப்ப வரும்’ முதல்முறையாக எதுவும் கேட்காமல் ஒரு விளக்குப் படம் மட்டும் போட்டிருந்தான். அழுவதற்கு நேரமில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

‘மஞ்சள் மஃப்ளர் அவர்களுக்கு. இன்று பறக்காதீர்கள். வால்வு தவறு. குட்டை முனைதான் காட்டும். உடனே பதில் போடவும். லிஃப்ட்காரன்.’

அனுப்பிய பிறகுதான் புத்தி வந்தது. மஞ்சள் மஃப்ளர் என்று உலகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. அது அவளும் தம்பியும் டீ குடித்துக்கொண்டே வைத்த பெயர். அவனே படித்தாலும் தன்னைச் சொல்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவசரமாகத் திருத்தப் பார்த்தாள். எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. அதற்குள் பதில்கள் வந்துவிட்டன.

‘இறந்தவர் எப்படி எழுதுகிறார்?’

‘எவனோ கணக்கைத் திருடிவிட்டான்.’

‘பிணம் வீட்டில் இருக்கும்போது இந்த விளையாட்டா? வெட்கம்.’

‘புகார் செய்துவிட்டேன். எல்லோரும் செய்யுங்கள்.’

‘நான் அவன் அக்கா’ என்று அடித்தாள். பாதியில் எழுத்து நின்றது. நடுத் திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘இந்தக் கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. உங்கள் பதிவு நீக்கப்பட்டது.’ தட்டினாள். மறுபடி தட்டினாள். அந்தப் பெட்டி அசையவில்லை. மணி பத்து ஐந்து. துணி இறக்கையுள்ள ஒரு விமானம் மரங்களுக்கு மேலே போய்ச் சத்தம் நின்றுபோவதை அவள் கண் எதிரே பார்த்தாள். அதற்குள்ளே இருந்தவனுக்கு முகம் இல்லை.

கதவு திறந்தது. மருமகன் திரையைப் பார்த்தான்.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!” கூடத்தில் ஆள் இருப்பதையும் மறந்து கத்தினான். “அப்பாவோட ஐடியையே மூடிட்டாங்க. இருந்ததே அது ஒண்ணுதான். அதையும்...”

“உக்காரு,” என்றாள்.

“என்ன உக்காரறது?”

“உக்காருடா. உங்கிட்ட சொல்லாம என்னால முடியாது.”

கம்ப்யூட்டர் அறையில் கிடந்த பழைய கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஸ்பிரிங் விஷயம், ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு விட்டுப் படித்த கமெண்டுகள். மொத்தம் பதினொன்று. எண்ணி வைத்திருந்தாள். கடைசியில் வால்வு.

அவன் திரையில் நின்ற பெட்டியைப் பார்த்தான். பிறகு கேட்டான். “அப்பாவுக்கு சந்தேகமே வரலியா?”

“வந்துச்சு. வியாழக்கிழமை கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் வரலன்னேன்.”

அவன் முகத்தில் வந்து போனதைப் பார்க்கும் துணிவு அவளுக்கு இல்லை. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பையிலிருந்து தன் போனை எடுத்தான். “அந்த ஸ்பேனரோட நிஜப் பேர் என்ன?”

“தெரியாதே. நாங்க வெச்ச பேர்தான் தெரியும்.”

“சரி. வால்வு பத்தி எழுதினது எந்தப் பக்கத்துல இருக்கும்?”

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கமெண்டுகள். அன்று காலை மட்டும் எழுநூறு சேர்ந்திருந்தது. தம்பியை எல்லோரும் இவ்வளவு நேசித்ததே இப்போது குறுக்கே நின்றது. மருமகன் கட்டைவிரலால் இழுத்து இழுத்துக் கீழே போனான். அவள் அவன் தோளுக்கு மேல் குனிந்து படங்களை அடையாளம் சொன்னாள். “இவன் தொப்பிக்காரன், தாண்டு. இது யாரோ புதுசு. நில்லு நில்லு, இது மஃப்ளர்!” மருமகனின் ஐடியிலிருந்து அவனுக்கு எழுதினார்கள். ‘கடைசியாக வந்தது: நேற்று’ என்று பெயருக்குக் கீழே இருந்தது. அவன் இப்போது எங்கே போனைப் பார்ப்பான்? ஓட்டப்போகிற சந்தோஷத்தில் ஷெட்டில் இருப்பான். இன்னும் கீழே போனார்கள். பத்து இருபத்தெட்டுக்கு ஸ்பேனர் அகப்பட்டார். பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

மருமகன் எழுதினான். பதில் உடனே வந்தது. ‘நீங்கள் யார்? இன்று ஏற்கெனவே ஒரு திருடன் எழுதினான்.’

‘அது திருடன் இல்லை. லிஃப்ட்காரரின் அக்கா. நான் மகன். நீங்கள் வால்வு பற்றிச் சொன்னது சரி. இன்று ஒருவர் நிஜ விமானத்தை ஓட்டப்போகிறார்.’

சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு: ‘சரியென்றால் லிஃப்ட்காரர் எனக்கு ஏன் பதில் போடவில்லை? அவர் எந்தக் குறைக்கும் பதில் போடாமல் இருந்ததில்லை. பத்து நாள் காத்திருந்தேன்.’

மருமகன் போனை அவளிடம் நீட்டினான். “இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

வாங்கினாள். இரண்டு தடவை விரல் தப்பான எழுத்தில் விழுந்தது.

‘நான் அவனுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. அவனுக்கு உடம்பு முடியவில்லை. அவன் கேட்டபோதும் மறைத்துவிட்டேன். அவன் மேல் தப்பில்லை.’

பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. கூடத்தில் நர்ஸ் யாரிடமோ மெதுவாகப் பேசினாள். பத்து முப்பத்தாறு. முப்பத்தேழு.

‘அந்த கிளப்பை எனக்குத் தெரியும். போன் செய்கிறேன்’ என்று வந்தது. அத்தோடு புள்ளி அணைந்தது.

பிறகு ஒரு வார்த்தையும் இல்லை. பத்தே முக்காலுக்கு வண்டி வந்தது. வண்டிக்காரர் மேலே வந்து லிஃப்டை அளந்து பார்த்து, ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வாக்கில் வைக்க இடமில்லை, நிமிர்த்துவதும் சரியில்லை, படியிலேயே இறக்கிவிடலாம் என்றார். நாலு மாடி. தம்பி மாதாமாதம் கிரீஸ் போட்டுப் பார்த்துக்கொண்ட லிஃப்ட், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றது.

முன்னால் மருமகனும் வண்டிக்காரரும், பின்னால் மேல்வீட்டுக்காரரும் நர்ஸின் புருஷனும் பிடித்தார்கள். அக்கா பக்கத்திலேயே, கைப்பிடிச் சுவரை ஒட்டி இறங்கினாள். மருமகனின் போன் அவள் கையில் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். நிறுத்தியபோதெல்லாம் அவள் போனைப் பார்த்தாள். மூன்றாவது மாடியில் பத்து ஐம்பத்து மூன்று. இரண்டாவது மாடியில் பத்து ஐம்பத்தாறு. “மெதுவா, தலைப்பக்கம் தூக்கிப் பிடிங்க,” என்று யாரோ சொன்னார்கள். மருமகன் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினாள். தம்பியை நாலு பேர் சுமந்து போகிற நேரத்தில் தன் மனம் யாரோ ஒருவனிடம் இருப்பது அவளுக்கே பாவம் செய்வது போலிருந்தது. ஆனால் தம்பிக்கு இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அவனுக்கு இனிமேல் எதுவும் வலிக்காது. வலிக்கப்போவது அந்த இன்னொருவனுக்கு.

கீழே வந்தபோது மணி பதினொன்று. தெருவில் நாலைந்து பேர் நின்று கும்பிட்டார்கள். யாரோ “கேப்டன்” என்று தழுதழுத்தார். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பதினொன்று இரண்டு. எஞ்சின் ஓடும் இரண்டு நிமிடம் முடிந்தது. தரையில் முடிந்ததா, மேலே முடிந்ததா?

வண்டிக்குள் தம்பிக்கு ஒரு பக்கம் அவளும் எதிர்ப்பக்கம் மருமகனுமாக உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். வண்டி தெருமுனை தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியது. சிக்னலில் நின்றது. மறுபடி கிளம்பியது. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். பார்க்கத்தான் பயமாக இருந்தது. பதினொன்று பதினாலுக்கு அது மடியில் அதிர்ந்தது. எடுக்கக் கை வரவில்லை.

“நீயே பாரு,” என்றாள்.

மருமகன் எட்டி எடுத்தான். படித்தான். உதடு மட்டும் அசைந்தது. பிறகு அப்பாவின் கால்மாட்டில் முழங்கையை ஊன்றி, முகத்தை மூடிக்கொண்டான்.

“என்னடா? சொல்லித் தொலை.”

“நிறுத்திட்டாங்க அத்தை.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தான். “‘எஞ்சின் சத்தத்தில் போன் யாருக்கும் கேட்கவில்லை. ஒன்பது தடவை அடித்தேன். சமையல்கார அம்மாள் எடுத்தாள். துண்டை வீசிக்கொண்டே ஓடுபாதையில் ஓடினாள். அவன் கிளம்பத் தயாராக நின்றிருந்தான். குட்டை முனை மூடு என்பதில் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோதே எஞ்சின் தானாக நின்றுபோனது. பையன் கீழே இறங்கி இறக்கைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். அவனால் பேச முடியவில்லை.’”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது மொத்தமாக வந்தது. தம்பிக்காகவா, அந்தப் பையனுக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மருமகன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். குடித்தாள்.

“உங்கமேல எனக்குக் கோவம் இருக்கு அத்தை,” என்றான் கொஞ்ச நேரம் கழித்து. “இருக்கத்தான் போகுது.”

“இருக்கட்டும்.”

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இருவரும் ஒரே நேரத்தில் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன் மறுபடி அதிர்ந்தது. மருமகன் பார்த்துவிட்டு அணைக்கப்போனான்.

“என்னது?”

“அப்பா விமானத்துக்குக் கீழ யாரோ புது ஆளு எழுதியிருக்கான். இப்பதான் ஓட்டிப் பாத்திருக்கான். அப்பா போனதே தெரியாது போல. விடுங்க.”

“குடு.”

அவன் தயங்கிவிட்டுக் கொடுத்தான். அவள் மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் முன்னால் நகர்ந்து, தம்பியின் காதுப்பக்கமாகக் குனிந்து, காலை டீ நேரத்துக் குரலில் படித்தாள்.

“‘இறக்கைத் துணியின் நிறம் தவறு. தரையிறங்கும்போது வால் குதிக்கிறது. எஞ்சின் சத்தம் தையல் மெஷின் போல இருக்கிறது.’” நிறுத்தினாள். அடுத்த வரியைக் கண்ணால் ஒரு தடவை பார்த்தாள். எதிரே மருமகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “‘இதைச் செய்தவருக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. நேரம் வீண். ஒரு நட்சத்திரம்.’”

டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்தார். பிறகு, அவள் இன்னும் ஏதாவது படிப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஹாரன் அடிக்காமல் முன்னால் போன சைக்கிளின் பின்னாலேயே மெதுவாக ஓட்டினார்.